நாசகாரி என்று பெயர்!

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் குவாந்தான் போயிருந்தேன். மறுநாள் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தெலுக் செம்பெடாக் கடற்கரைக்குப் போனோம். மற்றப் பிள்ளைகள் அலையில் விளையாட, பத்து வயதுப் பையன் ஒருவன் மட்டும் என் பக்கத்திலேயே நின்றான்.

"தாத்தா, இந்தக் கடல்ல ரெண்டு பெரிய கப்பல் முழுகிக் கெடக்குதாமே? டீச்சர் சொன்னாங்க. அதுல இருந்தவங்க எல்லாரும் செத்துட்டாங்களா?"

"இல்லப்பா. ரெண்டாயிரம் பேருக்கு மேல பொழைச்சிட்டாங்க."

"எப்படி? கரைக்கு நீந்தியா வந்தாங்க?"

நல்ல கேள்வி. 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற அந்த இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் 1941 டிசம்பர் 10ஆம் தேதி மூழ்கிய கதையை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். அவை மூழ்கிய இடம் கரையிலிருந்து ஐம்பது அறுபது மைல். நீந்தி வரக்கூடிய தூரமா அது? தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்கி எடுத்தவை மூன்று சின்னக் கப்பல்கள். அவற்றின் பெயரை எவரும் சொல்வதில்லை. இந்த மாதம் அவற்றைப் பற்றியும், அவற்றோடு பிறந்த மற்றக் கப்பல்களைப் பற்றியும் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

அந்த வகைக் கப்பலுக்குத் தமிழில் 'நாசகாரி' என்று பெயர். ஆங்கிலத்தில் 'டெஸ்ட்ராயர்'. பெயரைக் கேட்டால் ஏதோ ஊரையே அழிக்க வந்தது போலிருக்கும். பெயர் வந்த கதை வேறு. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் கடைசியில் டார்பிடோ என்ற ஆயுதம் புழக்கத்துக்கு வந்தது. தண்ணீருக்குள்ளேயே ஓடிப்போய்க் கப்பலின் அடிவயிற்றில் வெடிக்கும் குண்டு அது. அதைச் சுமந்துகொண்டு சின்னஞ்சிறு படகுகள் இருட்டில் வந்து, பல ஆயிரம் டன் எடையுள்ள கப்பலைக்கூட மூழ்கடித்துவிடலாம் என்றானது. யானைக்குக் காதில் எறும்பு புகுந்த கதைதான். அந்தப் படகுகளைத் துரத்திப் பிடித்து அழிக்க ஒரு வேகமான கப்பல் வேண்டியிருந்தது. 'டார்பிடோப் படகு நாசகாரி' என்று அதற்குப் பெயரிட்டார்கள். நாளடைவில் முன்பாதி உதிர்ந்துபோய் 'நாசகாரி' மட்டும் நின்றுவிட்டது.

பிரிட்டிஷ்காரர்கள் நாசகாரிகளை வகுப்பு வகுப்பாகக் கட்டினார்கள். ஒரு வகுப்புக் கப்பல்கள் அனைத்துக்கும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர். நம் வீடுகளில் சிலர் மூத்தவளுக்குக் கமலா என்று வைத்து, பிறகு கண்ணன், கலா, கருணா என்று அடுக்கிக்கொண்டே போவார்களே, அதைப் போல. நாம் பேசப்போவது ஆங்கில 'ஈ' எழுத்து வகுப்பு. எலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ், என்கவுன்டர், எக்கோ, எக்லிப்ஸ், எஸ்கார்ட், எஸ்கபேட், எஸ்க் ஆகிய எட்டும், அவற்றுக்குத் தலைமைக் கப்பலான எக்ஸ்மத்தும் சேர்த்து மொத்தம் ஒன்பது. ஒன்பதும் 1934இல் நீரில் இறக்கப்பட்டவை.

நீளம் 329 அடி, அகலம் 33 அடி. நீளத்தில் பத்தில் ஒரு பங்குதான் அகலம் என்றால் எவ்வளவு ஒல்லி என்று பார்த்துக்கொள்ளுங்கள். எடை சுமார் 1,400 டன். செம்பனை ஆலையில் வேலை செய்கிறவர்களுக்குப் பாய்லரைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரைக் காய்ச்சி, நீராவியைக் குழாய் வழியாக அனுப்பி, டர்பைனைச் சுழற்றுவது. இந்தக் கப்பலிலும் அதே வேலைதான். ஆனால், நார் போட்டு எரிப்பதற்குப் பதிலாக எண்ணெய். மூன்று பாய்லர்கள், 36,000 குதிரைச் சக்தி. முழு மூச்சில் ஓடினால் மணிக்கு 35 நாட்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 65 கிலோமீட்டர். சாலையில் அது பெரிய வேகமில்லை. அலைகளுக்கு நடுவே ஒரு கப்பல் அந்த வேகத்தில் போவதை எண்ணிப் பாருங்கள்.

வேகம் வேண்டுமென்றால் எடை குறைய வேண்டும். ஆகவே பெரிய போர்க்கப்பல்களுக்கு இருப்பது போன்ற கவசத் தகடு இவற்றுக்குக் கிடையாது. குண்டு விழுந்தால் உள்ளே வந்துவிடும். இதைத் தெரிந்துதான் கட்டினார்கள். ஒரே ஒரு முன்னேற்பாடு செய்தார்கள். முந்தின வகுப்புகளில் பாய்லர் அறை இரண்டாக இருந்ததை இதில் மூன்றாகத் தடுத்தார்கள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்ற இரண்டும் பிழைத்து, கப்பல் நகரும் என்பது கணக்கு.

ஆயுதம் என்று பார்த்தால், 4.7 அங்குலப் பீரங்கிகள் நான்கு. ஒவ்வொரு குண்டும் ஐம்பது ராத்தல். கையால் தூக்கித்தான் போட வேண்டும். கப்பலின் நடுவே நான்கு நான்காக எட்டு டார்பிடோக் குழாய்கள். நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க, தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவி. கண்டுபிடித்ததும் மேலிருந்து உருட்டிவிட ஆழ்கடல் வெடிகள். எக்ஸ்பிரஸ், எஸ்க் இரண்டும் கூடுதல் வேலை கற்ற பிள்ளைகள். பீரங்கியிலும் டார்பிடோவிலும் ஒரு பகுதியைக் கழற்றிவிட்டு, அறுபது கண்ணிவெடிகளை ஏற்றிப்போய்க் கடலில் விதைக்கும்படி அவை அமைக்கப்பட்டன.

எல்லாம் சரி. ஆனால், வரைபடம் போட்டவர்கள் ஒன்றைக் கோட்டைவிட்டார்கள். அந்த நான்கு பீரங்கிகளும் 40 பாகைக்கு மேல் நிமிராது. கடலில் எதிரே வரும் கப்பலைச் சுட அது தாராளம். தலைக்கு மேல் வரும் விமானத்துக்கு? உயர்ந்த செம்பனை மரத்தில் குலை பழுத்துத் தொங்க, எட்டாத அறுவாளோடு கீழே நிற்கிறவர் நிலைதான். விமானத்துக்கென்று இருந்தவை நான்கு குழாய் கொண்ட சிறு எந்திரத் துப்பாக்கிகள் இரண்டு. 1930களின் தொடக்கத்தில் வான்வழித் தாக்குதலை அவ்வளவுதான் மதித்தார்கள். அதற்கான விலையைப் பின்னால் கொடுத்தார்கள்.

வரைபடத்தில் இல்லாத இன்னொரு விஷயமும் உண்டு. இந்தக் கப்பல்களில் ஆட்கள் 145 பேர். போர்க்காலத்தில் இன்னும் சில பேர் கூடியிருப்பார்கள். அவர்கள் படுப்பதற்கே இடம் போதாது. அடுத்த கப்பலின் ஆட்களை ஏற்றுவதற்கென்று ஓர் அடி இடம்கூட ஒதுக்கவில்லை. இந்த ஒன்பது கப்பல்களின் போர்க்கால வரலாற்றைப் புரட்டினால், ஆளைத் தூக்கும் வேலைதான் ஓயாமல் வருகிறது.

1939 செப்டம்பர் 3ஆம் தேதி பிரிட்டன் போர் அறிவித்தது. அன்று மாலையே 'ஆதீனியா' என்ற பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அயர்லாந்துக்கு வடமேற்கே தாக்கியது. பெண்களும் பிள்ளைகளுமாக ஆயிரத்து நானூறு பேர் அதில் இருந்தார்கள். மீட்கப் போன கப்பல்களில் எலெக்ட்ராவும் எஸ்கார்ட்டும் உண்டு. போரின் முதல் நாளே அவற்றின் கைக்கு வந்த வேலை அதுதான்.

கடலில் நின்று ஆளை எடுப்பது சொல்வதற்குத்தான் சுலபம். நீர்மூழ்கி சுற்றும் இடத்தில் நின்ற கப்பல் அடுத்த இலக்காகிவிடும். 1940 ஜனவரி 21ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் வடகிழக்கே, தலைமைக் கப்பலான எக்ஸ்மத் டார்பிடோவால் தாக்கப்பட்டு மூழ்கியது. அதன் காவலில் வந்துகொண்டிருந்த சரக்குக் கப்பல் அருகிலேயே இருந்தது. நின்றால் தன் ஆட்களும் போவார்கள் என்று கருதிய அதன் மாலுமித் தலைவர் நிற்காமல் போய்விட்டார். எக்ஸ்மத்தின் 189 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. சில உடல்கள் மட்டும் விக் என்ற ஊருக்கருகே கரையொதுங்கின. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால், நின்றவர்களின் பெருமை இன்னதென்று விளங்க வேண்டுமானால் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எக்ஸ்பிரஸ், அந்த ஆண்டு டன்கர்க் கரையில் சிக்கிய சிப்பாய்களை ஏற்றி வந்தது. அங்கிருந்து கடைசியாகப் புறப்பட்ட கப்பல்களில் அதுவும் ஒன்று. ஆகஸ்டு 31ஆம் தேதி இரவு ஹாலந்துக் கரையோரம் கண்ணிவெடி விதைக்கப் போனபோது, எதிரியின் கண்ணிவெடியிலேயே அகப்பட்டது. எஸ்க் மூழ்கியது. எக்ஸ்பிரஸின் மூக்குப் பகுதி பிய்த்தெறியப்பட்டது. எப்படியோ இழுத்து வந்து, புது மூக்கு வைத்துத் தைத்தார்கள். அந்தப் பழுதுபார்ப்பு முடிய ஓராண்டுக்கு மேலானது. அதற்கு முன்பே, ஜூலையில், இத்தாலிய நீர்மூழ்கியால் எஸ்கார்ட்டும் போயிற்று.

எலெக்ட்ராவுக்கு வந்த மிகக் கொடிய நாள் 1941 மே 24. பிரிட்டனின் பெருமையென்று சொல்லப்பட்ட 'ஹூட்' என்ற பெரிய போர்க்கப்பல், ஐஸ்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் இடையிலுள்ள கடலில், ஜெர்மானியரின் 'பிஸ்மார்க்' சுட்டதில் நிமிடங்களில் வெடித்து மூழ்கியது. அதில் இருந்தவர்கள் 1,418 பேர். எலெக்ட்ரா சுமார் இரண்டு மணி நேரத்தில் அங்கே வந்து சேர்ந்தது. நூற்றுக்கணக்கானவர்களை ஏற்றத் தயாராகக் கயிற்று வலை, கம்பளி, மருந்து எல்லாம் எடுத்து வைத்திருந்தார்கள். எண்ணெய் மிதக்கும் பனி நீரில் கண்டது மூன்று பேரை. மூன்றே மூன்று பேர். மற்ற 1,415 பேரும் போய்விட்டார்கள். அன்று ஹூட்டுக்குத் துணையாகப் போரிட்ட இன்னொரு பெரிய கப்பல் எது தெரியுமா? பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்.

அதே ஆண்டின் கடைசியில், ஜப்பான் அச்சுறுத்தல் முற்றியபோது, அந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸை நம் பக்கம் அனுப்பினார்கள். காவலுக்கு எலெக்ட்ராவும், புது மூக்கு வைத்த எக்ஸ்பிரஸும். வழியில் ரிபல்ஸும் சேர்ந்துகொள்ள, டிசம்பர் 2ஆம் தேதி சிங்கப்பூர் செம்பாவாங் கடற்படைத் தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நம்மவர்களும் மலையாளிகளும் ஏராளமாக வேலை பார்த்த தளம் அது. பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் செய்தி வந்தது. எங்கள் தோட்டத்துக் கிராணி அதைப் பெரட்டுக் களத்தில் உரக்கப் படித்துக் காட்டினார் என்றும், "இனிமே பயமில்ல" என்று கங்காணிகள் பேசிக்கொண்டார்கள் என்றும் என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தத் தைரியம் எட்டே நாள் நிலைத்தது.

டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அன்று மாலையே அட்மிரல் டாம் ஃபிலிப்ஸ் இரண்டு பெரிய கப்பல்களோடும் நான்கு நாசகாரிகளோடும் புறப்பட்டார். எலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ், இவற்றைவிடப் பழையவையான ஆஸ்திரேலியாவின் வாம்பயர், பிரிட்டனின் டெனெடோஸ். நம் ஒன்பதில் இன்னொன்றான என்கவுன்டரும் சிங்கப்பூரில்தான் இருந்தது. பழுது காரணமாகப் போகவில்லை. கப்பல்களுக்கு மேலே காவல் விமானம் இல்லை. டெனெடோஸ் எண்ணெய் குறைந்ததால் 9ஆம் தேதி மாலையே திருப்பி அனுப்பப்பட்டது. அன்று நள்ளிரவில், குவாந்தானில் எதிரி இறங்குகிறான் என்று செய்தி வந்தது. திசையைத் திருப்பினார்கள். 10ஆம் தேதி காலை எக்ஸ்பிரஸ் கரையருகே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. ஈ காக்கை இல்லை. பொய்ச் செய்தி. அந்தப் பொய்க்காகத் திரும்பியதில்தான் நேரம் போனது.

பதினொரு மணிக்கு மேல் விமானங்கள் வந்தன. சைகோன் பக்கத்திலிருந்து எண்பதுக்கும் அதிகமான ஜப்பானிய விமானங்கள், குண்டும் டார்பிடோவுமாக. நாசகாரிகள் தங்கள் நிமிராத பீரங்கிகளை வைத்துக்கொண்டு முடிந்ததைச் சுட்டன. 12.33க்கு ரிபல்ஸ் கவிழ்ந்தது. எலெக்ட்ராவும் வாம்பயரும் அங்கே ஓடின. எண்ணெயில் கறுத்துப்போய்க் கிடந்தவர்களைக் கயிற்றாலும் வலையாலும் வெறுங்கையாலும் இழுத்துப் போட்டார்கள். எலெக்ட்ரா ஏற்றியவர்கள் 571 பேர், வாம்பயர் 225 பேர். எலெக்ட்ராவின் சொந்த ஆட்களைப்போல் மூன்று மடங்குக்கு மேல்! காலெடுத்து வைக்க இடமில்லை. தண்ணீரிலிருந்து ஏறிய ரிபல்ஸ் பீரங்கிக்காரர்கள் சிலர், ஈரத்தோடு எலெக்ட்ராவின் பீரங்கிகளுக்கு அருகே போய் நின்றுகொண்டார்கள். மீட்பு வேலைக்கு எலெக்ட்ராவின் ஆட்களுக்குக் கை ஒழியட்டும் என்று.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. எக்ஸ்பிரஸின் தலைவர் கார்ட்ரைட் செய்த காரியத்தை இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் தம் கப்பலை அந்த மலை போன்ற கப்பலின் விலாவோடு ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார். கயிறுகளைப் பிணைத்தார்கள். காயம்பட்டவர்கள் முதலில், பிறகு மற்றவர்கள், கயிற்றில் தொங்கியும் தாவியும் இறங்கினார்கள். பெரிய கப்பல் மறுபக்கம் சாயச் சாய, தண்ணீருக்குள்ளிருந்த அதன் அடிப்பக்கம் மெல்ல மேலே எழுந்துவந்தது. இன்னும் சற்று நேரம் நின்றால் அது எக்ஸ்பிரஸையும் கீழிருந்து தூக்கிக் கவிழ்த்துவிடும். கார்ட்ரைட்டுக்கு அது தெரியும். எதிரில் இன்னும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரியும். நின்றார். கடைசி நொடியில் பின்னுக்கு எடுத்தபோது அடிவிளிம்பு எக்ஸ்பிரஸின் அடியில் இடித்து, கப்பல் ஒருக்களித்து ஆடி, பிறகு நிமிர்ந்தது. தகடு கிழிந்தது. ஆனால், மிதந்தது. 1.20 அளவில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மூழ்கியது. அட்மிரலும் கப்பல் தலைவர் லீச்சும் திரும்பவில்லை. செம்பாவாங்கிலிருந்து காவல் விமானங்கள் வந்து சேர்ந்தது அப்போதுதான்.

இறந்தவர்கள் 840 பேர். மீட்கப்பட்டவர்கள் 2,081 பேர். ஜப்பானிய விமானங்கள் மீட்பு வேலையில் இருந்த நாசகாரிகளைத் தாக்கவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். அன்றிரவு மூன்று சிறு கப்பல்களும் நிறைமாதக் கர்ப்பிணிகளைப் போல மெதுவாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பையனின் கேள்விக்கு இதுதான் பதில். ஆனால், கப்பல்களின் கதை இதோடு முடியவில்லை.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. எஞ்சிய நேசநாட்டுக் கப்பல்கள் ஜாவாவில் ஒன்றுசேர்ந்தன. டச்சுக்காரர், பிரிட்டிஷார், அமெரிக்கர், ஆஸ்திரேலியர் எல்லாரும் ஒரு டச்சு அட்மிரலின் கீழ். ஒருவர் சமிக்ஞை மற்றவருக்கு ஒழுங்காகப் புரியாத கூட்டணி. பிப்ரவரி 27ஆம் தேதி ஜாவாக் கடலில் மோதினார்கள். பிரிட்டிஷ் கப்பல் 'எக்ஸெட்டர்' பாய்லர் அறையில் அடிபட்டுத் தடுமாறியது. அது தப்பிக்க வேண்டுமானால் யாராவது எதிரியைத் தடுத்து நிற்க வேண்டும். எலெக்ட்ரா, என்கவுன்டர், ஜூப்பிட்டர் என்ற மூன்று நாசகாரிகளுக்குக் கட்டளை வந்தது. எலெக்ட்ரா புகைத்திரையைக் கிழித்துக்கொண்டு எதிரிகளின் நடுவே புகுந்தது. ஜப்பானிய நாசகாரி ஒன்றைச் சுட்டு நிறுத்தியது. பிறகு அதன் பாய்லர் அறைப் பக்கத்திலேயே குண்டு விழுந்தது. மூன்றாகத் தடுத்த அறைகளும் அன்று கைகொடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, கடைசிப் பீரங்கி அடங்கும்வரை சுட்டு, பொழுது சாயும் வேளையில் மூழ்கியது.

அதன் 173 பேரில் தண்ணீரில் உயிரோடு மிதந்தவர்களைத் தூக்க அருகே எந்தக் கப்பலும் இல்லை. ஆதீனியாவின் பயணிகளையும், ஹூட்டின் மூன்று பேரையும், ரிபல்ஸின் 571 பேரையும் எடுத்த கப்பலின் ஆட்கள் அவர்கள். விடிவதற்கு முன் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று இருட்டில் அவர்களைக் கண்டு மேலே வந்தது. நாசகாரி வேட்டையாடுவதற்கென்றே படைக்கப்பட்ட அந்த ஜாதிக் கப்பல்தான் 54 பேரைத் தன் சின்ன வயிற்றுக்குள் அடைத்துக்கொண்டு சுராபாயா சேர்த்தது. கப்பல் தலைவர் மே அவர்களில் இல்லை. அதே இரவில் என்கவுன்டர், மூழ்கிப்போன ஒரு டச்சு நாசகாரியின் 113 பேரைத் தூக்கியது.

என்கவுன்டருக்குக் கெடு இரண்டு நாள். மார்ச் 1ஆம் தேதி, அடிபட்ட எக்ஸெட்டரோடு தப்ப முயன்றபோது ஜப்பானியர் வளைத்துக்கொண்டார்கள். எக்ஸெட்டர் மூழ்கிய சற்று நேரத்தில் என்கவுன்டரும் மூழ்கியது. ஆட்கள் எண்ணெய் மிதக்கும் கடலில், கண் எரிய, இரவு முழுவதும் கிடந்தார்கள். மறுநாள் காலை ஒரு கப்பல் தெரிந்தது. பார்த்தால், ஜப்பானிய நாசகாரி 'இகாசுச்சி'. இடி என்று அதற்குப் பொருள். சுட்டுவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அதன் தலைவர் ஷுன்சாகு கூடோ கப்பலை நிறுத்தினார். நீர்மூழ்கிகள் திரியும் கடல் அது. அவருடைய ஆட்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். எடுத்தது 442 எதிரிகளை! மேலே ஏறமுடியாமல் துவண்டவர்களைத் தூக்க ஜப்பானிய மாலுமிகளே தண்ணீரில் குதித்தார்கள். உடம்பிலிருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டார்கள். குடிக்கத் தண்ணீரும் உண்ண உணவும் கொடுத்தார்கள். கூடோ அவர்கள் முன்னால் வந்து, ஆங்கிலத்தில், நீங்கள் இன்று எங்கள் விருந்தாளிகள் என்ற பொருள்படப் பேசினார்.

இதைப் படிக்கும்போது நம் குடும்பங்கள் சிலவற்றில் மனம் கசக்கும் என்பதை நான் அறிவேன். நம் தோட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் பேரைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய்க் கொன்றதும் அதே ஜப்பானியப் படைதான். போனவர்கள் திரும்பாத லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். கூடோ செய்தது அதை அழித்துவிடாது. அழிக்கும் என்று நான் சொல்லவும் மாட்டேன். என்கவுன்டர் ஆட்களும் மறுநாள் கைமாறி, மூன்றரை ஆண்டு கைதிகளாகச் செலிபிஸ் தீவில் பசியும் நோயுமாகக் கிடந்தார்கள். பலர் அங்கேயே மாண்டார்கள். ஒரு நாள், ஒரு கப்பல், ஒரு மனிதர். அதை மட்டும் எழுதுகிறேன்.

அன்று தூக்கப்பட்டவர்களில் ஒருவர் சாம் ஃபால் என்ற இளம் அதிகாரி. பின்னாளில் அரசதந்திரியாகி, 1970 முதல் 1974 வரை சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ஹைகமிஷனராக இருந்தவர் அவரேதான். அந்த ஆண்டுகளில் கூடோ ஜப்பானில் உயிரோடு இருந்தார். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. கூடோ இந்த விஷயத்தைத் தம் வீட்டாரிடம்கூடச் சொன்னதில்லை. அவர் வேறு கப்பலுக்கு மாற்றப்பட்ட பிறகு, 1944 ஏப்ரலில், இகாசுச்சியை அமெரிக்க நீர்மூழ்கி தாக்கியது. அந்த மாலுமிகளில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பேசுவதற்கு அவருக்கு மனம் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. 2003இல் ஃபால் அவரைத் தேடி ஜப்பான் போனார். கூடோ 1979லேயே காலமாகியிருந்தார். மறுபடியும் 2008 டிசம்பரில், 89ஆம் வயதில் போய், கவாகுச்சி என்ற ஊரிலிருந்த அவர் கல்லறைக்கு முன்னால் நின்றார்.

ஒன்பது கப்பல்களில் ஆறு போரில் போயின. கடைசியாகப் போனது எக்லிப்ஸ், 1943 அக்டோபரில், கிரேக்கத் தீவுகளின் அருகே கண்ணிவெடியில். எக்கோ சில ஆண்டுகள் கிரேக்கக் கடற்படையில் உழைத்தது. எஸ்கபேட் போர் முடிந்ததும் உடைக்கப்பட்டது. எக்ஸ்பிரஸ் 1943இல் கனடாவுக்குக் கைமாறிப் பெயரும் மாறியது. போருக்குப் பின் அதன் வெறுங்கூட்டைக் கனடாவின் மேற்குக் கரையில், ராய்ஸ்டன் என்ற இடத்தில், அலைதடுப்பாகக் கொண்டுபோய் அமிழ்த்தினார்கள்.

"அந்தச் சின்னக் கப்பல்லாம் இப்ப எங்க இருக்கு தாத்தா?" என்று பையன் கேட்டபோது எக்ஸ்பிரஸைப் பற்றிச் சொன்னேன். மற்ற இரண்டையும் பற்றிச் சொல்லத்தான் சங்கடமாக இருந்தது. 2016இல் ஜாவாக் கடலின் அடியை ஆராய்ந்தபோது என்கவுன்டர் கிடந்த இடத்தில் ஏறக்குறைய ஒன்றுமே மிச்சமில்லை. எலெக்ட்ராவிலும் பெரும்பகுதி காணோம். பழைய இரும்புக்காகத் திருடர்கள் அள்ளிப்போய்விட்டார்கள். குவாந்தான் கடலில் கிடக்கும் பெரிய கப்பல்கள் இரண்டிலும் கைவைத்துவிட்டார்கள். 2023 மே மாதம், சந்தேகத்தின் பேரில் ஒரு சீனக் கப்பலை நம் கடல்துறை அமலாக்கத்தினர் ஜொகூர் கடற்பகுதியில் பிடித்து வைத்தபோது, அதில் பழைய பீரங்கிக் குண்டுகள் இருந்தன.

பகாங் பக்கத்துத் தோட்டங்களில் இருந்த பெரியவர்கள், 1941 டிசம்பர் 10ஆம் தேதியன்று வானில் விமானக் கூட்டம் கண்டதாகவோ, கடல் பக்கம் சத்தம் கேட்டதாகவோ உங்கள் வீட்டில் எப்போதாவது சொன்னதுண்டா? செம்பாவாங் தளத்தில் அன்றிரவு வேலையிலிருந்தவர்களின் பிள்ளைகள் எவரேனும் இதைப் படிக்கிறீர்களா? இரண்டு வரியானாலும் எழுதிப் போடுங்கள்.